திங்க்பேடின் அடிப்பக்கம்

பழைய திங்க்பேட் மடிக்கணினியைக் கவிழ்த்துப் பாருங்கள். சில ஸ்குரூக்களின் அருகே சின்னதாகக் கீபோர்டு படம் பொறித்திருக்கும். வேறொன்றின் அருகே மெமரி சிப்பின் படம். எதைக் கழற்றினால் எது வெளியே வரும் என்று கணினியே சொல்லிவிடுகிறது. 1992இல் ஐபிஎம் தொடங்கிய வரிசை. 2005 முதல் லெனோவாவிடம். பாகம் பாகமாகப் பிரிக்கும் முறையைச் சொல்லும் பராமரிப்புக் கையேட்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வாங்கியவனை நம்பும் இந்த மரியாதை எனக்குப் பிடிக்கும்.

2018இல் வந்த டி480 இன்னும் நயமானது. பயாஸுக்குள் போய் உள்பேட்டரியை நிறுத்திவிட்டுத் தைரியமாகக் கை வைக்கலாம். அடிமூடியின் ஸ்குரூக்கள் தளர்ந்தாலும் மூடியிலேயே தங்கும், கட்டிலுக்கடியில் உருண்டோடாது. (இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.) திரையில்தான் விரலுக்கு உண்மையான வேலை. சுற்றுச்சட்டத்தை ஒரு மூலையில் மெல்ல நெம்பினால் கிளிப்புகள் 'டக், டக்' என விடும். பேனலைக் கீபோர்டு மேல் குப்புறச் சாய்த்தால் முதுகில் கேபிள் தெரியும். அதன் முனையை மேலே தூக்கக் கூடாது. பேனலோடு ஒட்டினாற்போல் நேராக இழுக்க வேண்டும். புதிய பேனல் வாங்குமுன் மாடல் எண்ணோடு பின்களையும் பாருங்கள்: 30 பின் திரையில் 40 பின் கேபிள் பொருந்தாது.

மெமரி மாற்றுவது விளையாட்டு. சாய்த்துச் செருகி அழுத்தினால் கொக்கி கவ்விக்கொள்ளும். இன்றைய மெல்லிய கணினிகள் பலவற்றில் அதையும் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்கள். சென்னை ரிச்சி தெருவில் 16 ஜிபி மெமரி வாங்கி வந்தாலும் செருக இடமில்லை.