நலன் கருதி

என் மகள் ஏழாம் வகுப்பில் படித்த ஆண்டு முழுவதும் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த அறிவிப்புகள் இன்னும் என் அலைபேசியில் இருக்கின்றன. அழிக்காமல் விட்டது சோம்பலால்தான். கோடை விடுமுறையில் ஒருநாள் உட்கார்ந்து வரிசையாகப் படித்தேன். கவிதைத் தொகுப்புகளுக்கு மதிப்புரை எழுதுகிறவள், இவற்றையும் அதே கவனத்தோடு ஏன் படிக்கக் கூடாது என்று தோன்றியது. பிள்ளைகள் உள்ள வீடுகளில் அம்மாக்கள் நாள்தோறும் தவறாமல் படிக்கிற தமிழ் உரைநடை இதுதான். எழுதியவர் பெயர் இதில் இருக்காது. பதில் எழுதவும் முடியாது. குழுவில் அட்மின் மட்டுமே எழுதலாம் என்று பூட்டு போட்டிருக்கிறார்கள்.

கட்டணம், தேர்வு அட்டவணை, ஆண்டு விழாவுக்கு என்ன நிறத்தில் உடை என்பவற்றைத் தள்ளிவிடலாம். ‘மாணவர் நலன்’ என்ற தலைப்பில் வந்தவற்றைத் தனியாக எடுத்து வைத்தேன். பொதுவாக ‘மாணவர்கள்’ என்று தொடங்கியவை தேர்வு பயம், தூக்கம், அலைபேசிப் பழக்கம் பற்றிப் பேசின. ‘மாணவிகள்’ என்று தொடங்கியவை இரட்டைச் சடை, துப்பட்டாவுக்கு ஊக்கு, நகப்பூச்சு. ஒன்று மட்டும் ‘தாய்மார்கள் மட்டும்’ வர வேண்டிய கூட்டத்துக்கான அழைப்பு. எதற்கு என்று அதில் எழுதவில்லை. மாதவிடாய் பற்றிய கூட்டம் அது. அரசே ‘புதுயுகம்’ திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு விலையில்லா அணையாடை கொடுக்கிற மாநிலத்தில், ஒரு பள்ளியால் அந்தச் சொல்லை அறிவிப்பில் எழுத முடியவில்லை.

இவையெல்லாம் எரிச்சல்கள்தான். என்னை நிறுத்தியது அக்டோபரில் வந்த ஒரு வரி. மாணவிகளின் நலன் கருதி, மாலை நேரக் கபடிப் பயிற்சி ரத்து செய்யப்படுகிறது.

வகுப்பில் நான் நடத்துகிற இலக்கணம்தான். ‘கருதி’ என்பது செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம். அது தன் வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும் என்கிறது தொல்காப்பியம். கருதியவர் யாரோ அவரே அடுத்த வினையையும் செய்ய வேண்டும். இந்த வாக்கியத்தில் ரத்து செய்யப்படுவது பயிற்சி. அப்படியானால் கருதியது யார்? பயிற்சியா? இன்றைய அலுவலகத் தமிழில் எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், இதைப் பிழை என்று திருத்தினால் சிரிப்பார்கள். எனக்கும் திருத்துவதில் அக்கறை இல்லை. ஆளை ஒளித்துவைக்க இந்த வாக்கியம் எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன்.

நடந்தது இது. மாலைப் பயிற்சியின்போது சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று ஒரு ஆள் பல நாட்கள் அலைபேசியில் படம் எடுத்திருக்கிறான். பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து போய் விளையாட்டு ஆசிரியரிடம் சொன்னார்கள். மறுநாள் அந்த அறிவிப்பு வந்தது. பையன்களின் பயிற்சி அதே மைதானத்தில் அதே நேரத்தில் தொடர்ந்தது. அந்த ஆளைப் பற்றி எந்த அறிவிப்பும் இல்லை. “சொல்லாமலே இருந்திருக்கலாம்மா, ஆட்டமாவது இருந்திருக்கும்” என்றாள் என் மகள். பன்னிரண்டு வயதில் இந்தக் கணக்கை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஒரு வரி.

பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். பிள்ளைகளின் பெயர் வெளியே வரக் கூடாது மேடம், அதனால்தான் விவரம் எழுதவில்லை என்றார்கள். பெயர் வரக் கூடாது என்பது சரி. குழந்தையின் அடையாளத்தைக் காக்கச் சொல்கிற அதே 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம், பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதையும் கவனிப்பதையும் 11ஆம் பிரிவில் பாலியல் துன்புறுத்தல் என்கிறது. குற்றம் நடந்ததாகத் தெரிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுகிறவரும் காவல்துறையிடம் சொல்ல வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. குழந்தையின் பெயரை மறைப்பதும் பள்ளி என்ன செய்தது என்பதை மறைப்பதும் ஒன்றல்ல. காவல் நிலையத்தில் சொன்னோம், சுவரருகே ஆள் நிறுத்தினோம், எதுவானாலும் 1098க்கு அழைக்கலாம் என்று மூன்று வரி எழுதியிருந்தால் எந்தப் பிள்ளையின் பெயரும் வெளியே வந்திருக்காது.

அகப்பாடல்களில் பெண்ணின் மேனி வாடியதும் வீட்டில் பதறுகிறார்கள். வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறார்கள். அவளுடைய நலனுக்காகத்தான், ஆனால் அவளைக் கேட்பதில்லை. அதை உடைப்பது அறத்தொடு நிற்றல். தலைவி தோழிக்குச் சொல்ல, தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் சொல்கிறாள். இந்தச் சங்கிலி கடைசியில் திருமணத்தில்தான் போய் முடிகிறது, அதைக் கொண்டாட நான் தயாரில்லை. ஆனால் செய்தி கிளம்புகிற இடம் அந்தப் பெண். எங்கள் குழுவில் செய்தி அலுவலகத்தில் கிளம்புகிறது, பெரும்பாலும் அப்பாவின் எண்ணுக்கு வருகிறது, அவர் அம்மாவுக்குத் தள்ளிவிடுகிறார், அம்மா மகளிடம் “நாளையிலிருந்து சீக்கிரம் வந்துடு” என்கிறாள். அந்த நான்கு பிள்ளைகள் தோழி செய்த வேலையைச் செய்தார்கள். அவர்கள் சொன்னது அறிவிப்பில் ஒரு சொல்லாகக்கூட மிஞ்சவில்லை.

இப்படித்தான் எழுத முடியும் என்று சொல்பவர்களுக்கு என் தோழி ஒருத்தியைக் காட்ட விரும்புகிறேன். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாக்களுக்கு எழுதி அனுப்பிப் பயனில்லை என்று குரல் பதிவு அனுப்புவாள். ஒன்றை அந்த அம்மாவின் சம்மதத்தோடு எனக்குப் போட்டுக் காட்டினாள். “அக்கா, பாப்பா காலைல சாப்பிடாம வந்துருக்கு. பிரேயர்ல மயக்கம் வந்துடுச்சு. பிஸ்கெட் குடுத்து உக்கார வச்சிருக்கேன், இப்ப நல்லாருக்கு. அவகிட்ட கேட்டுட்டுத்தான் உங்களுக்குச் சொல்றேன்.” 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரைக்குமானது. அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்பு. போன ஆண்டுவரை பள்ளியில் காலையில் சாப்பிட்டவள். இதையும் தோழிதான் சொன்னாள். அவள் பதிவில் ஒவ்வொரு வினைக்கும் ஒரு ஆள் இருக்கிறார். கொடுத்தது நான், கேட்டது நான், சம்மதித்தது அவள்.

ஜூனில் எட்டாம் வகுப்புக்கான புதிய குழுவில் என்னைச் சேர்த்தார்கள். முதல் செய்தி கட்டணம். இரண்டாவது செய்தி இரட்டைச் சடை. கபடி பற்றி இன்னும் ஒன்றும் வரவில்லை. கேட்டு நான் எழுதிய கடிதத்தைத் தாளில் எடுத்துப்போய் அலுவலகத்தில் கொடுத்தேன். மூன்று அம்மாக்களும் ஒரு அப்பாவும் அதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்டேன். தலைமையாசிரியர் வரட்டும் என்றார்கள். வாசலில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.