இந்திய அரசமைப்பின் அடிப்படைக் கொள்கைகளும் தமிழகக் கிறித்தவர் நிலைப்பாடும்

இந்திய அரசமைப்புச் சட்டம் உருவான காலத்தில், தனித்தொகுதி, மதச் சுதந்திரம், சம உரிமை ஆகியவை குறித்துக் கிறித்தவத் தலைவர்கள் எடுத்த நிலைப்பாடுகளையும் அவற்றின் விளைவுகளையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. கிறித்தவர்கள் தங்களுக்கென இருந்த சட்டமன்ற இடங்களைத் தாமாகவே விட்டுக்கொடுத்தனர் என்பது இவ்வரலாற்றில் பெருமையாகச் சொல்லப்படும் செய்தி. அது உண்மையே. ஆனால் அதன் சுமையை யார் தாங்கினர் என்பது பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

அமெரிக்காவும் இந்தியாவும்

1787ஆம் ஆண்டு அமெரிக்க அரசமைப்பின் 6ஆவது பிரிவு, அரசுப் பதவிக்கு மதத் தகுதி கேட்கக் கூடாது என்கிறது. 1791இல் ஏற்கப்பட்ட முதல் திருத்தம், அரசு எந்த மதத்தையும் நிறுவுவதைத் தடுத்து, வழிபாட்டுச் சுதந்திரத்தைக் காத்தது. அங்கே கிறித்தவர்கள் பெரும்பான்மையினர். எனவே, அந்நாடு கிறித்தவ அடிப்படையில் அமைந்ததா இல்லையா என்பதே அங்கு இன்றுவரை நடக்கும் விவாதம். இந்தியாவில் அவர்கள் சிறுபான்மையினர். அரசின் அடித்தளம் தங்கள் மதத்தைச் சார்ந்ததா என்று அவர்கள் கேட்கவில்லை. அந்த அடித்தளத்தில் தங்களுக்கும் இடம் உண்டா என்றே கேட்டனர்.

இரு தமிழர், இரு வழிகள்

1930இல் இலண்டனில் தொடங்கிய முதல் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறித்தவர் சார்பில் இரு தமிழர்கள் பங்கேற்றனர். சேலத்தைச் சேர்ந்த கே. டி. பால் மதவாரித் தனித்தொகுதி முறையை எதிர்த்தார். கிறித்தவர்கள் நாட்டின் பொதுவாழ்வில் கலந்து நிற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நீதிக்கட்சியைச் சேர்ந்த ஏ. டி. பன்னீர்செல்வம், தனித்தொகுதி இல்லாவிட்டால் சிறுபான்மையினரின் குரல் எடுபடாது என்று கருதினார். 1931இல் அம்பேத்கர், ஆகா கான் ஆகியோருடன் சிறுபான்மையினர் உடன்படிக்கையில் அவரும் கையெழுத்திட்டார். 1935ஆம் ஆண்டுச் சட்டம் பன்னீர்செல்வத்தின் வழியையே ஏற்றது. சென்னை மாகாணச் சட்டப் பேரவையில் இந்தியக் கிறித்தவர்களுக்கு 8 இடங்கள் கிடைத்தன.

அரசியல் நிர்ணய சபையில்

1946 டிசம்பர் 9இல் கூடிய அரசியல் நிர்ணய சபையில் கே. டி. பாலின் வழி வென்றது. வங்காளக் கிறித்தவரான எச். சி. முகர்ஜி அச்சபையின் துணைத் தலைவராகவும் சிறுபான்மையினர் துணைக்குழுவின் தலைவராகவும் இருந்தார். சென்னை இலயோலா கல்லூரி முதல்வராக இருந்த இயேசு சபைத் துறவி ஜெரோம் டிசூசா, சென்னை மாகாணத்திலிருந்து உறுப்பினரானார். 1949 மே மாதம் மதச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டைக் கைவிடும் முடிவை இருவரும் ஆதரித்தனர்.

கிறித்தவர்கள் உறுதியாகக் கேட்டது வேறொன்று. மதத்தைப் பின்பற்றுவதோடு அதைப் பரப்பும் உரிமையும் வேண்டும் என்றனர். 1948 டிசம்பர் 6 அன்று நடந்த விவாதத்தில் கே. எம். முன்ஷியும் டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் 'பரப்புதல்' என்ற சொல் நீடிக்க வேண்டும் எனப் பேசினர். இன்றைய 25ஆவது பிரிவில் அச்சொல் உள்ளது. எனினும் 1977இல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று தீர்ப்பளித்தது.

திறனாய்வு

அன்றைய விவாதத்தில் கிருஷ்ணமாச்சாரி கூறிய ஒரு கருத்து இங்கே முக்கியமானது. தீண்டாமைக்கு ஆளானவர் கிறித்தவரானதும் உயர்சாதியினருக்குச் சமமாகிவிடுகிறார் என்ற பொருளில் அவர் பேசினார். நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டதாயினும் தமிழக நடைமுறை அப்படி இல்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் தேவாலயத்தில் சாதிகளைப் பிரித்த சுவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நின்றது. பல ஊர்களில் கல்லறையும் தனித்தனியாகவே இருந்தது.

அரசும் அதே எண்ணத்தில்தான் நடந்தது. இந்தியக் கிறித்தவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என 1936ஆம் ஆண்டு ஆணை ஏற்கெனவே கூறியிருந்தது. 1950இல் குடியரசுத் தலைவரின் ஆணை இந்துக்களுக்கு மட்டும் பட்டியல் சாதித் தகுதி அளித்தது. பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. சென்னையில் காலணி தைக்கும் தொழில் செய்த கிறித்தவர் ஒருவர் தொடுத்த வழக்கை 1985இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

கல்லூரியும் பதவியும் பெற்ற தலைவர்களுக்குச் சட்டமன்ற ஒதுக்கீடு இன்றியமையாததாக இருக்கவில்லை. சேரியில் வாழ்ந்த கிறித்தவருக்கோ இரண்டு கதவுகளும் மூடப்பட்டன. கிறித்தவர் என்ற முறையில் இருந்த ஒதுக்கீடு போயிற்று. பட்டியல் சாதியினர் என்ற முறையில் வரவேண்டியதும் வரவில்லை. இந்த ஆணையைத் தலைவர்கள் பிறப்பிக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் 1936ஆம் ஆண்டு ஆணை கண்முன் இருந்தது. ஒதுக்கீட்டை விட்டுக்கொடுத்தபோதே அதை மாற்றுமாறு வற்புறுத்தியிருக்க வேண்டும் என்ற குறை நியாயமானது.

இன்றைய நிலை

வீரமாமுனிவர் தங்கிப் பணியாற்றிய ஏலாக்குறிச்சி அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. அம்மாவட்டத்து விக்கிரமங்கலம் போன்ற ஓர் ஊரில், ஒரே தெருவில் வாழும் அண்ணனும் தம்பியும் இருப்பதாகக் கொள்வோம். தம்பி மட்டும் திருமுழுக்குப் பெற்றால், தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறிவிடுவார். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிப் பதவிக்கு அண்ணன் போட்டியிடலாம். தம்பி போட்டியிட முடியாது. தெருவும் தொழிலும் மாறவில்லை, சாதிச் சான்றிதழ் மட்டுமே மாறியது.

இந்த மதக் கட்டுப்பாட்டை நீக்குமாறு 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரல் 19 அன்று, கிறித்தவரான ஆதிதிராவிடர்களுக்கும் பட்டியல் சாதியினருக்கான உரிமைகளை வழங்குமாறு ஒன்றிய அரசை வலியுறுத்தித் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது.

கே. டி. பாலும் ஜெரோம் டிசூசாவும் நாட்டின் பொதுவாழ்வின் மீது வைத்த நம்பிக்கை மதிக்கத்தக்கது. பன்னீர்செல்வத்தின் அச்சமும் முழுவதும் பொய்க்கவில்லை. அரசமைப்புக்குக் கிறித்தவர் அளித்த பங்கைப் படிக்கும் மாணவர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.