செக்கு உண்டு, மாடு இல்லை

நிலைப்படுத்திய நுண்ணுயிர்களைப் பற்றி எழுதுவோர் ஓர் உவமையை விரும்பிக் கையாள்வதுண்டு. செக்கில் பூட்டிய மாட்டைப்போல, கூழ்மத்தில் பிணைக்கப்பட்ட பாக்டீரியா நமக்காக ஓயாது உழைத்து வேதிப்பொருளை ஆக்கித் தருகிறதாம். படிக்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்துறையின் தலைசிறந்த எடுத்துக்காட்டுக்கே இது பொருந்தவில்லை.

1973இல் ஜப்பானின் தனாபே செய்யாகு நிறுவனத்தில் இச்சிரோ சிபாட்டா குழுவினர் ஈ.கோலை செல்களைப் பாலிஅக்ரிலமைடு கூழ்மத்தில் பதித்து, உருளைக் கலத்தில் நிரப்பினார்கள். மேலே அம்மோனியம் ஃபியூமரேட் கரைசலைச் செலுத்த, அது அஸ்பார்ட்டிக் அமிலமாக மாறி வெளிவந்தது. 37° செ. வெப்பநிலையில் ஏறத்தாழ 120 நாட்கள் சென்ற பிறகும் பாதித் திறன் எஞ்சியிருந்தது. உற்பத்திச் செலவோ, செல்களைத் தொட்டியில் மிதக்கவிட்ட பழைய முறையில் ஆனதில் சுமார் 60 விழுக்காடுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பதித்த செல்களை அதே கரைசலில் 37° செ.இல் இரண்டு நாள் ஊறவிட்டதும் வேகம் ஏறக்குறையப் பத்து மடங்காயிற்று. செல்கள் பெருகிவிட்டன என்றுதானே எண்ணுவீர்கள்? புதுப் புரதம் உண்டாகாதவாறு குளோராம்ஃபெனிகால் சேர்த்தபோதும் வேகம் உயர்ந்தது! செல்கள் தாமாகவே சிதைந்து சவ்வின் தடை நீங்கியதே காரணம். மாடு இறந்துவிட்டது; செக்கு மட்டும் சுழல்கிறது. அச்செக்கு அஸ்பார்ட்டேஸ் என்னும் ஒரே நொதி.

உவமைதானே, போகட்டும் என்று விட இயலாது. உயிருள்ள செல் என நம்பி ஊட்டப்பொருள் சேர்க்கும் மாணவன், எஞ்சிய செல்கள் பெருகிக் கூழ்மத்தை அடைத்துக்கொள்வதையே காண்பான். இனி எல்லா மருந்துகளும் இவ்வழியே வந்துவிடும் என்ற பேச்சும் இந்தத் தவற்றிலிருந்து முளைத்ததே. ஃபியூமரேட்டோடு அம்மோனியாவைச் சேர்க்க ஒரு படி போதும். செல்லின் ஆற்றல் தேவையில்லை. பெனிசிலினுக்கோ பல நொதிகள் வேண்டும், ஏடிபி வேண்டும், இடையறாத ஆக்சிஜன் வேண்டும். கூழ்மத்தின் உட்புறத்தில் ஆக்சிஜன் எளிதில் எட்டாது. ஆகவே பெனிசிலின் இன்றும் கலக்கித் தொட்டிகளில்தான் விளைகிறது.

உழைக்கும் மாட்டைக் காண வேண்டுமானால் காடித் தொழிற்சாலைக்குச் செல்லுங்கள். ஜெர்மனியில் 1823இல் ஷூட்சன்பாக் புகுத்திய முறையில், மரச்சீவல்களின்மேல் சாராயக் கரைசலைச் சொட்டவிட்டு, கீழிருந்து காற்றேற விட்டார்கள். சீவல்களில் ஒட்டிக்கொண்ட அசெட்டிக் பாக்டீரியா, உயிரோடிருந்தே அதைக் காடியாக்கியது. கூழ்மம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.