கழுதைப் பாலத்தைக் கடந்த விதம்

இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம். இன்றைய மாணவர் இதை மூன்று வரியில் முடித்துவிடுவார்: உச்சிக்கோணத்தை இருசமமாக வெட்டு, இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும், ப-கோ-ப (பக்கம்-கோணம்-பக்கம்) விதிப்படி அவை சர்வசமம்.

பண்டைய கிரேக்கக் கணிதர் யூக்ளிட் ஏன் இப்படிச் செய்யவில்லை? 'எலிமெண்ட்ஸ்' முதல் நூலில் இது 5ஆம் தேற்றம். கோணத்தை இருசமமாக வெட்டும் வழி 9ஆவதில்தான் வருகிறது. அது 8ஆவதை நம்பி நிற்கிறது, 8ஆவது 7ஆவதை, 7ஆவது 5ஆவதை. குறுக்கு வழியில் போனால் வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவோம். அதனால் அவர் இரு பக்கங்களையும் கீழே நீட்டி, ப-கோ-ப விதியை இருமுறை பயன்படுத்திச் சுற்றிப் போனார். இந்தத் தேற்றத்துக்கு வழங்கும் பெயர் 'கழுதைப் பாலம்'.

1903இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தேர்வில் யூக்ளிடின் வரிசையைக் கட்டாயமாக்குவதைக் கைவிட்டது. 1932இல் அமெரிக்கக் கணிதர் பிர்காஃப் அளவுகோலையும் கோணமானியையும் அடிக்கோள்களாகவே ஏற்றார். கோணத்துக்கு எண் உண்டென்றால் அதில் பாதியும் உண்டு. இருசமவெட்டிக்காக 9 வரை காத்திருக்க வேண்டாம். பாலம் சுருங்கியது இப்படித்தான்.

வரிசை மாறியதற்கு இன்னொரு உதாரணம்: யூக்ளிட் முதல் நூலில் 47ஆவதாக, பரப்பளவைக் கொண்டு நிறுவிய பிதாகரஸ் தேற்றத்தைப் பல பாடநூல்கள் இன்று வடிவொத்த முக்கோணங்களால் நிறுவுகின்றன.

வரிசை மாறலாம், பின்னால் வருவதை முன்னால் கடன் வாங்கக் கூடாது என்ற நாணயம் மாறவில்லை. பழைய வடிவியல் நூல் கிடைத்தால், தேற்றங்களின் எண்களை மட்டுமாவது ஒருமுறை பின்தொடர்ந்து பாருங்கள்.