இப்னு பதூதா அழுத இடம்

பயணக் கட்டுரை எழுதச் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? ‘இயற்கை எழில் கொஞ்சும்’ என்று ஆரம்பிச்சுடுறோம். அதனால்தான் இப்னு பதூதாவின் ‘ரிஹ்லா’வைப் பற்றி உங்களிடம் சொல்ல நினைத்தேன்.

1325-இல், 21 வயதில், மொரோக்கோவின் தாஞ்சியர் நகரிலிருந்து அவர் தனியாகக் கிளம்பினார். வழியில் காய்ச்சல். கீழே விழாமலிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டார். கான்ஸ்டன்டைன் நகருக்கு வெளியே மழையில் நனைந்து, உடையெல்லாம் அழுக்கு. அதைப் பார்த்த ஆளுநர் ஒரு புதுத்துணி கொடுத்தார். அதன் முனையில் இரண்டு பொற்காசுகள் முடிந்திருந்தன. தூனிஸ் வந்ததும் மற்றவர்களை வரவேற்க ஆள் இருந்தது, இவருக்கு யாருமில்லை. அழுதுவிட்டார்.

நூலில் குறையும் உண்டு. ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்து அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸைய் என்பவர் எழுதினார். டமாஸ்கஸ், மக்கா வருணனைகளில் பல பகுதிகள், முன்பே வாழ்ந்த இப்னு ஜுபைருடைய நூலிலிருந்து எடுத்தவை. அழகான நடைதான். ஆனால், படித்து முடித்தபின் உங்கள் மனத்தில் நிற்பது எது? அந்த அலங்காரமா, தூனிஸில் சிந்திய கண்ணீரா?

மாணவர்களே, தேர்வில் இரவல் வருணனையைக் குறைச்சுக்குங்க. நீங்கள் நனைந்த மழையை எழுதுங்கள். ஆசிரியர்களே, அப்படி ஒரு வரி வந்தால், நடை கொஞ்சம் தடுமாறினாலும், அதற்குப் புள்ளி கொடுங்கள்.