நாட்டுப்புறத்துப் பீரங்கி வீரன்: சாள்ஸ் பீன் கோட்பாடு பற்றிய ஓர் ஆய்வு

முதலாம் உலகப் போரில் அவுஸ்திரேலியப் படை ஆற்றிய பணியினை வரைந்தோருள் தலையாயவர் சாள்ஸ் பீன். 1921 முதல் 1942 வரை பன்னிரு தொகுதிகளாக வெளிவந்த அரசாங்க வரலாற்றின் பதிப்பாசிரியர் அவர். அவற்றுள் ஆறனைத் தாமே இயற்றினார். தளபதியர் திட்டங்களோடு சாதாரண வீரனின் செயலுக்கும் இடமளித்தமை அந்நூலின் பெருஞ்சிறப்பாகும். வீரனொருவன் பெயர் வருமிடத்து, அவன் ஊரும் தொழிலும் அடிக்குறிப்பிற் காட்டப்படும்.

அவுஸ்திரேலிய வீரனை உருவாக்கியது நாட்டுப்புற வாழ்க்கையே என்பது பீனின் கோட்பாடு. குதிரையேற்றமும், குறிதவறாது சுடுதலும், தனித்து நின்று துணிதலும் அவ்வாழ்க்கை தந்த பேறுகள் என்பர் அவர். செம்மறி மேயும் உள்நாட்டைப் பற்றி அவர் 1910இல் எழுதிய நூலிலேயே இக்கருத்தின் வித்தைக் காணலாம்.

பீரங்கிப் படையை உரைகல்லாகக் கொண்டு இதனைச் சோதித்தல் தகும். பதினெட்டு இறாத்தற் பீரங்கியை ஆறு குதிரைகள் இழுத்தன. ஒவ்வோர் இணையிலும் இடப்புறக் குதிரைமீது ஒருவன் அமர்ந்து செலுத்தினான். பண்ணையில் வளர்ந்தவனுக்கு இது கைவந்த தொழில். இவ்வளவில் பீன் கூற்று பொருந்தும். ஆயின், பீரங்கியைக் குறிவைப்போன் பெரும்பாலும் இலக்கைக் கண்ணாற் காண்பதில்லை. தூரம், கோணம், காற்று ஆகியவற்றின் கணக்கே அவனுக்குக் கண். ஆங்கே தனித்துத் துணிவோன் வேண்டப்படுவதில்லை. பிறரோடு இயைந்து, இட்ட கட்டளையை நொடி பிசகாது முடிப்பவனே வேண்டப்படுவான். அது பயிற்சி தந்த பேறேயன்றிப் புல்வெளி தந்ததன்று.

1917இல் ஈப்பர் களத்துச் சேற்றிற் பீரங்கிகள் புதைந்தன. குண்டுகளைக் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் முதுகிற் சுமந்தன. அவ்வாண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி பிராங் ஹேளி எடுத்த நிழற்படத்தில், பட்டமரங்களினூடே பலகைப் பாதையிற் பீரங்கிப் படையினர் ஐவர் செல்கின்றனர். அவருள் நாட்டான் யார், நகரத்தான் யார் என எவராற் கூறவியலும்?

குதிரையைத் திறமையின் சின்னமாக மட்டுங் காண்பதும் குறைவுடைத்து. போர்க்காலத்திற் கடல் கடந்த குதிரைகள் 100,000க்கு மேற்பட்டன. தாயகம் மீண்டது ஒன்றே. பேணி வளர்த்த விலங்கை விட்டுப் பிரிந்தவனுக்கு அது திறமையன்று, துயர்.

எனவே, பீன் கோட்பாடு முற்றும் தள்ளற்பாலதன்று. எல்லை வகுத்துக் கொள்ளற்பாலது. எழுதுவினைஞனும், சுரங்கத் தொழிலாளியும், ஆசிரியனும், உழவனும் அடுத்தடுத்து நிற்கும் அவர்தம் அடிக்குறிப்புகளே அவ்வெல்லையை வகுக்கின்றன. ஆசிரியர் கருத்துக்கு மாறான சான்றினையும் மறையாது வைத்த நூல் அது. அதன் நேர்மைக்கு வேறு சான்று வேண்டா.