படம் பார்த்து நீதி சொல்

தமிழில் குழந்தை இலக்கியத்துக்குச் சங்கம் உண்டு, விழா உண்டு, பரிசு உண்டு. விமர்சனம் மட்டும் இல்லை. 2010 முதல் சாகித்திய அகாதெமி பால சாகித்திய விருது கொடுத்து வருகிறது. விருது வாங்கிய புத்தகத்தைக் கையில் எடுத்து, இதன் உருவம் எத்தகையது, இது படிக்கிற குழந்தையிடம் என்ன காரியம் செய்கிறது என்று நாலு பக்கம் எழுதிப் பார்க்கிறவர்கள் நம்மிடையே அரிது. ஒரு கவிதையில் படிமம் பிசகிவிட்டது என்று மூன்று இதழ்களுக்குச் சண்டை போடும் நாம், குழந்தைப் புத்தகம் என்றதும் ‘நல்ல முயற்சி’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். இந்தப் பெருந்தன்மைக்கு அலட்சியம் என்று இன்னொரு பெயர் உண்டு. நாம் விட்டுவைத்த இடத்தில் இன்று பள்ளிக்கூடம் மட்டுமே விமர்சகனாக உட்கார்ந்திருக்கிறது. அதற்குத் தெரிந்த ஒரே விமர்சனக் கேள்வி, ‘இந்தக் கதையின் நீதி என்ன?’ என்பது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். படம் போட்ட புத்தகம் வேறு, படப் புத்தகம் வேறு. அ என்று எழுதி அணிலை வரைவது முதல் வகை. 1658இல் கொமேனியஸ், பொருள்களின் படத்தையும் அவற்றின் பெயரையும் எதிரெதிரே வைத்து ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு லத்தீன் கற்பித்ததும் இந்த வகையே. படம் இங்கே சொல்லின் வேலையாள். சொல்லைக் கற்றுக்கொடுத்ததும் அதன் பணி முடிந்துவிடுகிறது. படப் புத்தகத்தில் நடப்பது வேறு. பாட் ஹட்சின்ஸ் 1968இல் வெளியிட்ட ‘ரோசிஸ் வாக்’ என்ற சிறு புத்தகத்தில் மொத்தம் 32 ஆங்கில வார்த்தைகள்தாம். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டு வீடு திரும்புகிறது என்பதற்கு மேல் அந்த வார்த்தைகள் எதுவும் சொல்வதில்லை. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் கோழியின் பின்னால் ஒரு நரி வருகிறது, பாய்கிறது, எதிலாவது மாட்டிக்கொண்டு அடிபடுகிறது. நரி என்ற சொல் புத்தகத்தில் எங்குமே இல்லை. எழுத்தை மட்டும் படித்தவனுக்குக் கதை நடக்கவே இல்லை. படத்தைப் பார்த்தவனுக்கு மட்டுமே நடந்திருக்கிறது. சொல்லுக்கும் படத்துக்கும் நடுவில் விடப்பட்டிருக்கும் இந்த இடைவெளியே படப் புத்தகத்தின் உருவம் என்பேன். அந்த இடைவெளிக்குள் முதலில் நுழைகிறவன் எழுத்துத் தெரிந்த ஆசிரியன் அல்ல, எழுத்துத் தெரியாத குழந்தை.

நம் குழந்தை இலக்கியம் இந்தப் பக்கம் வராததற்குக் காரணம் இருக்கிறது. அது காதுக்குப் பிறந்த இலக்கியம். கவிமணியிலிருந்து அழ. வள்ளியப்பா வரை அதன் சாதனை ஓசையின் சாதனை. வள்ளியப்பா (1922–1989) என்னைப் போல் வங்கியில் வேலை பார்த்தவர். பகலெல்லாம் பேரேடுகளோடு இருந்துவிட்டு, தமிழ்க் குழந்தையின் நாக்கில் இயல்பாகப் புரளும் சந்தங்களை அவர் கண்டுபிடித்தது சாதாரண விஷயமில்லை. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியதிலும் அவருடைய பங்கு பெரிது. ஆனால் பாட்டுக்குப் படம் தேவையில்லை. இருந்தால் அலங்காரம், இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. அந்த மரபில் ஓவியன் கடைசியாகக் கூப்பிடப்படுகிறவன், மிச்சமிருக்கும் இடத்தை நிரப்பிக் கொடுப்பவன். படத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் பாடநூலிலும் இருக்கிறது.

ஆனால் படத்தை வரிசையாக வாசிக்கும் பழக்கம் நமக்கு அந்நியமானது என்று யாரும் சொல்ல வேண்டாம். நான் இருக்கும் காஞ்சிபுரத்தில், வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றுச் சுவர்களில், எட்டாம் நூற்றாண்டிலேயே பல்லவர் வரலாறு சிற்ப வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. சிலவற்றின் கீழே மட்டும் விளக்கக் கல்வெட்டு உண்டு. வாரிசு இல்லாமல் போன ராஜ்யத்துக்கு அரசன் தேடிப் போகிறார்கள். இரணியவர்மனின் மூத்த பிள்ளைகள் மறுத்துவிட, பன்னிரண்டு வயதுக் கடைசிப் பையன் ‘நான் போகிறேன்’ என்கிறான். அவன்தான் பின்னால் நந்திவர்மனாகிய பல்லவமல்லன். சி. மீனாட்சி இந்தச் சிற்பங்களைப் பற்றி எழுதிய நூல் 1941இல் வெளிவந்தது. சரித்திர ஆசிரியர்களுக்குக் கல்வெட்டு உள்ள சிற்பங்களே பிடிமானம். அது அவர்கள் தொழில். கல்வெட்டு இல்லாத சிற்பத்தின் முன்னால் நின்று, முந்தியதில் குதிரை மேல் இருந்தவன் இதில் எங்கே போனான் என்று தேடுவது இன்னொரு விதமான படிப்பு. குழந்தை செய்வது அந்தப் படிப்பை.

இனி ஒரு புத்தகம். 1996இல் சென்னையில் தொடங்கிய தூலிகா பதிப்பகம் இந்திய மொழிகள் பலவற்றில் படப் புத்தகங்கள் வெளியிட்டு வருகிறது. அதன் வெளியீடுகளில் ஒன்று, ஜாய் விட்டேக்கர் எழுதி ஸ்ரீவித்யா நடராஜன் படம் வரைந்த காளியின் கதை. காளி இருளர் வீட்டுப் பையன். அப்பா பாம்பு பிடிப்பவர். படிப்பில் கெட்டிக்காரனாக இருந்தும் வகுப்பில் தனியாக இருக்கிறான். அவன் தின்னும் வறுத்த கறையானும் அவனை வேறாக்கிக் காட்டுகிறது. ஒரு நாள் வகுப்புக்குள் சாரைப்பாம்பு வந்துவிடுகிறது. எல்லோரும் அலற, காளி அதைப் பிடிக்கிறான். அன்றிலிருந்து அவன் வீரன்.

இந்தப் புத்தகத்தை நான் மதிக்கிறேன். ஓர் இருளச் சிறுவனை, பரிதாபத்துக்குரியவனாக அல்லாமல், கதையின் நடுவில் நிறுத்திய தமிழ்ப் படப் புத்தகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் அதன் முடிவு எனக்கு உறுத்துகிறது. காளிக்கு வகுப்பில் இடம் கிடைப்பது அவன் பிள்ளை என்பதற்காக அல்ல, பாம்பு பிடித்தான் என்பதற்காக. இடம் என்பது சேவைக்குக் கொடுத்த கூலியாகிவிடுகிறது. புத்தகத்துக்கு வெளியேயும் இதுதான் நடைமுறை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் பிழைப்பை இழந்த இருளர்களுக்காக 1978இல் கூட்டுறவுச் சங்கம் உண்டாயிற்று. அவர்கள் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து விஷமுறிவு மருந்து தயாராகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ வேண்டிய விஷயந்தான். என்றாலும் நாம் இருளரைப் பார்க்க ஒவ்வொரு முறையும் ஒரு பாம்பு தேவைப்படுகிறது.

இந்தப் புத்தகம் ஓர் ஆரம்பப் பள்ளியில் வாசிக்கப்பட்டபோது கூட இருந்தேன். கறையான் வறுவல் வந்த இடத்தில் ஆசிரியை முகத்தைச் சுளித்துக் காட்டினார், பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று. சிலர் சிரித்தார்கள். ஒரு பையன், ‘எங்க ஆயா ஈசலை வறுத்துப் பொரியோட கலந்து தரும்’ என்றான், சுவை நினைவுக்கு வந்தவன் போல. அவன் சொன்னது காதில் விழாதது போல வாசிப்பு தொடர்ந்தது. முடிந்ததும் வழக்கமான கேள்வி. யாரையும் இழிவாக நினைக்கக் கூடாது என்று வகுப்பு ஒரே குரலில் ஒப்பித்தது. எனக்கு ஒரு கேள்வி கேட்க அனுமதி கிடைத்தது. ‘அன்றைக்குப் பாம்பு வராமல் இருந்திருந்தால்?’ என்றேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு கடைசி வரிசையில் ஒரு சிறுமி சொன்னாள்: ‘அப்படின்னா கொஞ்ச நாள்ல அவன் பள்ளிக்கூடத்துக்கே வராம நின்னுருப்பான்.’

நான் மேலே ஒரு பத்தி முழுக்க எழுதியதை அந்தச் சிறுமி ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். நீதி கேட்கும் கேள்வி, குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்த விடையைத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. மற்றக் கேள்விதான் குழந்தையை வாசகனாக்குகிறது.

அரசு சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அடுத்த ஆண்டு தொடங்கிய வாசிப்பு இயக்கம் சிறு சிறு கதைப் புத்தகங்களை வகுப்பறைக்கே கொண்டு வந்தது. நுழை, நட, ஓடு, பற என்று அவற்றுக்கு நான்கு படிகள் வைத்தது. பெயர்கள் அழகாக இருக்கின்றன. பாடநூலுக்கு வெளியே ஒரு புத்தகம் பிள்ளையின் கைக்கு வருவதே பெரிய காரியம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இந்தப் படிகள் எதை அளக்கின்றன? எழுத்தை, சொல்லை, வாக்கிய நீளத்தை. படத்தை வாசிப்பதில் முன்னால் ஓடுகிறவனுக்கு இந்த அளவுகோலில் இடமில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாதவரை அவன் ‘நுழை’யின் வாசலிலேயே நிற்க வேண்டும்.

இந்த ஊரில் இது வெறும் அழகியல் பிரச்சினை அல்ல. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம், வேறு வேறு நாடா. இரண்டு ஊடைகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரும்பும் ஓரத்தில்தான் சேலையின் உறுதி இருக்கிறது. நல்ல படப் புத்தகத்தில் சொல்லும் படமும் சேர்வதும் அப்படித்தான். அந்தத் தறியில் மறுகரை நாடாவைத் தள்ளித் தர ஓர் உதவி ஆள் வேண்டும். நீண்ட காலம் அந்த ஆள் பள்ளி செல்லும் வயதுப் பிள்ளையாகவே இருந்தான். பெற்றவர்கள் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகக் காஞ்சிபுரத்துத் தறிகளில் உட்கார்ந்த பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் அறிக்கை வெளியிட்டது. தறியிலிருந்து மீட்டுப் பள்ளியில் சேர்த்த பிள்ளை, எழுத்தில் பின்தங்கியவன் என்றே பதிவாகிறான். நிறம் மாறும் ஓரத்தையும் இழை பிசகிய இடத்தையும் ஒரு பார்வையில் பிடிக்கும் அவன் கண்ணுக்கு வகுப்பறையில் மதிப்பெண் கிடையாது. ஆசிரியரோடு சரிசமமாக, சில பக்கங்களில் அவரையும் முந்திக்கொண்டு, அவன் வாசிக்கக்கூடிய பொருள் அங்கே ஒன்றுண்டு என்றால் அது படப் புத்தகம்தான். அதையும் நீதி கறக்கும் பாடமாக்கிவிட்டால் அவனுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

ஆசிரியர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. புத்தகத்தை ஒரு முறை சத்தம் போடாமல் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டட்டும். பிள்ளைகள் கண்டதைச் சொல்லி முடிக்கும்வரை வாசிக்காமல் இருக்கட்டும். பிறகு வாசிக்கட்டும், எழுத்தில் இல்லாதது படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கட்டும். விடை தமக்குத் தெரியாத ஒரு கேள்வியாவது கேட்கட்டும்.

நாம் செய்ய வேண்டியது அதைவிடக் கொஞ்சம் கஷ்டமானது. இதுபோன்ற பத்திரிகைகள் இதழுக்கு ஒரு படப் புத்தகத்தையாவது எடுத்துக்கொண்டு, எழுத்தாளனோடு ஓவியனையும் கூண்டில் ஏற்றி, சலுகையில்லாமல் விசாரிக்க வேண்டும். காளியின் கதையை எழுதியவர்களுக்கு நாம் தரக்கூடிய மரியாதை, அதன் முடிவோடு சண்டை போடுவதுதான்.